ஐந்து ரூபாய் பாக்கெட்டின் கணக்கு

இந்தியாவில் பிஸ்கட்டோ ஷாம்புவோ நொறுக்குத்தீனியோ விற்கும் கம்பெனிக்கு விலையை நாணயம்தான் முடிவு செய்கிறது. 1, 2, 5, 10 என்ற படிகளில் ஏதோ ஒன்றில் நின்றாக வேண்டும். 25 காசு 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனது. 50 காசு சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் வாங்க ஆளில்லை. யூபிஐ வந்த பிறகும் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கையில் இருப்பது நாணயம்தான். அதனால் ஐந்து ரூபாய் பாக்கெட்டை ஐந்தரை ரூபாய் ஆக்க வழியில்லை. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோன காலத்திலிருந்து இந்தச் சந்தையின் பலமும் நெருக்கடியும் இதுவே.

விலை அசையாவிட்டால் எடைதான் அசைய வேண்டும். 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-இல் தடையை விலக்கியது. மூன்றரை வாரம்தான். பாமாயிலை நம்பியிருந்த சோப்பு, பிஸ்கட், சிப்ஸ் கம்பெனிகளுக்கு அந்த இடைவெளியே பெரும் சுமையானது. தலைமை அலுவலகத்தில் ‘50 கிராமை 45 ஆக்குவோம்’ என்று ஒரே வரியில் முடிவெடுத்துவிடலாம். ஆலையில் அந்த ஒரு வரிக்கு என்னென்ன செலவு என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு டன் சரக்கு 50 கிராம் பாக்கெட்டில் 20,000 ஆகும், 45 கிராமில் 22,222 ஆகும். நிமிடத்துக்கு 60 பாக்கெட் போடும் மெஷினில் ஐந்தரை மணி நேர வேலை ஆறு மணி பத்து நிமிடமாக நீளும். லேமினேட் சுருள் (பாக்கெட் செய்யும் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்), அட்டைப்பெட்டி, மெஷின் நேரம் எல்லாம் பாக்கெட் எண்ணிக்கையைப் பொறுத்தவை. அவை குறைவதே இல்லை. அடுத்தது கூடுதல் நிரப்பு. சராசரி எடை அச்சிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதால் ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் அதிகமாகவே போடும். 100 கிராமில் ஒரு கிராம் கூடினால் இழப்பு ஒரு சதவீதம். 45 கிராமில் அதுவே 2.2 சதவீதம். எடையைக் குறைக்கும் முன் மெஷினின் எடைச் சிதறலை, அதாவது பாக்கெட்டுக்குப் பாக்கெட் எடை கூடிக் குறைவதை, குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் அதைச் செய்தாலே எடைக்குறைப்பைப் பாதியாக நிறுத்திவிடலாம்.

பழைய எடை அச்சான லேமினேட் சுருள் இருப்பும் உண்டு. ஆறேழு வாரத்துக்கான சுருள் கிடங்கில் இருக்கும்போது எடையை மாற்றினால் ஒன்று அதைக் கழிவாக்க வேண்டும், அல்லது அது தீரும்வரை நட்டத்தில் ஓட்ட வேண்டும்.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு: எம்.ஆர்.பி. 5 ரூபாய். ஒவ்வொருவர் லாபமும் அவர் வாங்கும் விலையின் மேல்: கடைக்காரருக்கு 12 சதவீதம் போனால் 4.46. விநியோகஸ்தருக்கு 6 சதவீதம் போனால் 4.21. கம்பெனிக்கும் விநியோகஸ்தருக்கும் நடுவில் நிற்கும் சூப்பர் ஸ்டாக்கிஸ்டுக்கு 3 சதவீதம் போனால் 4.09. இதில் முன்பு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. கழித்தால் கம்பெனி கையில் நின்றது 3.47 மட்டுமே. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், ஷாம்பு போன்றவற்றுக்கு வரி 5 சதவீதமானது. அந்தக் குறைப்பை வாங்குபவருக்கே கொடுத்தால் ஐந்து ரூபாய் பாக்கெட் 4.45 ஆக வேண்டும். மீதி 55 காசை எந்தப் பெட்டிக்கடை திருப்பித் தரும்? ஆகவே பல கம்பெனிகள் விலையை அப்படியே வைத்து எடையைக் கூட்டின: 50 கிராம் 56 ஆவதுபோல. எடை குறையும்போது வந்த அதே சிக்கல்கள் இப்போது எதிர்ப்பக்கமாக வந்தன. 50 கிராமுக்கு அளவெடுத்த பையில் 56 கிராம் அடங்குமா, சீல் பிடிக்கும் இடத்தில் தூள் மாட்டுமா, பெட்டிக்குள் பழைய எண்ணிக்கை அடங்குமா என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஆலையைவிட அதிகம் கவனிக்க வேண்டியவர் விநியோகஸ்தர். வேறொரு உதாரணம்: மாதம் 20 லட்சம் விற்பவருக்கு 5 சதவீதத்தில் ஒரு லட்சம் வரும். வண்டி, இரண்டு சேல்ஸ்மேன், குடோன் வாடகை போக 40,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் 10 லட்சம், கடைகளில் நிற்கும் பாக்கி 5 லட்சம், அவர் கைக்காசைப் போட்டுக் கம்பெனி திருப்பித் தர வேண்டிய கிளெய்ம் மாதம் ஒரு லட்சம். மொத்த முதலீடு 16 லட்சம். ஆண்டு வருமானம் 30 சதவீதம். நல்ல வியாபாரம்தான். ஆனால் கிளெய்ம் மூன்று மாதம் தேங்கி, மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக எட்டு லட்சம் சரக்கை அவர் தலையில் இறக்கினால், முதலீடு 26 லட்சமாகி வருமானம் 18-க்கு இறங்கும். கடன் வாங்கி நடத்துபவர் என்றால் வட்டி போகக் கையில் அதிகம் மிஞ்சாது. அவர் உடனே விலகமாட்டார். முதலில் தூரத்துக் கிராம பீட்டை (சேல்ஸ்மேன் கடைகளுக்குப் போகும் சுற்றை) வாரம் ஒருமுறையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக்குவார். பிறகு பில்லுக்கு பில் கடன், அதாவது அடுத்த பில்லின்போது முந்தைய பில்லுக்குப் பணம் வாங்கும் கடன், தருவதை நிறுத்துவார். கடையில் தொங்கும் பாக்கெட் சரம் காலியாகும், அந்தக் கொக்கியில் வேறு பிராண்ட் ஏறும். கம்பெனியின் விற்பனை அறிக்கையில் இது தெரிய இரண்டு மாதமாவது ஆகும். விநியோகஸ்தருக்குப் போன சரக்கைத்தான் அறிக்கை விற்பனையாக எண்ணுகிறது, கடைக்குப் போனதை அல்ல.

எடை மாற்றமும் இங்கேதான் சிக்கும். விநியோகஸ்தரிடம் இருபது நாள் பழைய சரக்கு இருக்கும்போது புதிய எடையை அனுப்பினால் ஒரே கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். போட்டிக் கம்பெனியின் சேல்ஸ்மேனுக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் வேண்டாம். மாற்றத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பும் சரக்கைக் குறைத்து, விநியோகஸ்தர் இருப்பை எட்டுப் பத்து நாளுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மாதம் விற்பனை எண் விழும். அதற்கு இடம் கொடுத்து ஏரியா மேலாளரின் டார்கெட்டை முன்கூட்டியே எழுத்தில் குறைத்துத் தராவிட்டால், மாதக் கடைசியில் அவர் பழையபடி சரக்கைத் தள்ளத்தான் செய்வார்.