ஏக்கத்துக்கு ஓமோன் இல்லை

விலங்கியல் சேர் போய்விட்டார் என்று நம் குழுவில் செய்தி வந்த இரவு, எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சிவப்பும் கறுப்புமான ஒரு சின்னப் பூச்சிதான். முன்வாங்கில் இருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

அன்று கடைசிப் பாடம். மூளை சைகை கொடுத்தால் முன்மார்புச் சுரப்பி எக்டைசோன் என்ற ஓமோனைச் சுரக்கும், பூச்சி தோலுரிக்கும் என்று எழுதி முடித்திருந்தார். உரித்தபின் வருவது இன்னொரு அணங்கா, அதாவது முதிராத இளம்பூச்சியா, அல்லது முதிர்ந்த பூச்சியா என்பது இளமை ஓமோனின் கையில். அது உடலில் இருக்கும்வரை அணங்கு, வற்றினால்தான் முதிர்ச்சி. ('அணங்கு' என்றதும் பின்வாங்கில் எழுந்த சிரிப்பை யார் மறப்பார்?)

அப்புறம் கதை சொன்னார். 1960களின் நடுவில் கரெல் சிலாமா என்ற பூச்சியியல் ஆய்வாளர் பிராக்கில் வளர்த்த சிவப்புக் கறுப்புப் பூச்சிகளை ஹார்வர்டுக்குக் கொண்டுபோனார். ஐந்தாம் முறை உரித்ததும் முதிர வேண்டியவை, ஆறாம் பருவ அணங்குகளாகின. சில ஏழாம் பருவம்வரை போய், பெருத்த குழந்தைகளாகவே செத்தன.

"ஏன்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எழும்பினேன். "ஊர் மாறின ஏக்கம், சேர்."

வகுப்பு இடிந்து விழுந்தது. சேர் சிரிக்கவில்லை. சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, ஏக்கத்துக்கு ஓமோன் இல்லை" என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். பள்ளி முடியும்வரை என் பெயர் 'ஏக்கம்'. இந்த மலரின் ஆசிரியர் இன்றும் தொலைபேசியில் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

விடை, பூச்சிகளை வளர்த்த கிண்ணத்தில் விரித்த காகிதத் துவாய். அமெரிக்கக் காகிதத்துக்கு அரைத்த பால்சம் ஃபர் மரத்தில் இளமை ஓமோனைப் போலவே வேலை செய்யும் பொருள் இருந்தது. அங்கத்தைய நியூயோர்க் டைம்ஸ் தாளிலும் அதே கூத்து. லண்டன் டைம்ஸ் தாளில் ஒன்றுமில்லை. அந்தப் பொருளுக்குப் பின்னர் ஜுவாபியோன் என்று பெயர் வைத்தார்கள்.

வெளிநாடு புறப்படுமுன் நற்சான்றிதழ் வாங்கப் போனேன். கையெழுத்துப் போட்டவர், தாளை விரலால் தடவிப் பார்த்து, "இது நம்முடைய தாள், பயமில்லை. அங்கே தருகிற தாள்களைப் பார்த்துக்கொள்" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

பிறகு வந்தவையெல்லாம் தாள்கள்தான்: விசா, வதிவிட அனுமதி, வீட்டுக் கடன், குடியுரிமை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'இது முடியட்டும், போவோம்' என்று இருந்தேன். சேருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நற்சான்றிதழ் மட்டும் கடவுச்சீட்டோடு அதே உறையில் இருக்கிறது. நேற்று எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது.