‘அதான் உனக்கே தெரியுமே’: தெரிந்தவரின் வாழ்க்கையைப் பேட்டி எடுத்து எழுதுவது

தெரிந்தவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தால், முதல் பேட்டியிலேயே இந்த வாக்கியம் வந்துவிடும்: “அதான் உனக்கே தெரியுமே.” பதிவில் ஓட்டை விழுவது அந்த இடத்தில்தான். அவர் சொல்லாமல் தாண்டுகிறார், நாம் கேட்காமல் தலையாட்டுகிறோம். எழுதும்போது அந்த ஓட்டையை நம் நினைவிலிருந்து நிரப்பிவிடுகிறோம். நம் நினைவில் இருப்பதோ, அவர் எப்போதோ சொன்னதை நாம் பாதி கேட்டு மீதி ஊகித்தது. முன்பின் தெரியாதவரைப் பேட்டி எடுப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

“எனக்குத் தெரியும், படிக்கப்போகிறவருக்குத் தெரியாதே, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடுவார். அதற்கும் மசியாதவர் என்றால், அவரோடு அதிகம் பழகாத ஒருவரை ஒரு அமர்வுக்குக் கூட்டிப்போய் உட்கார வைக்கலாம். பேச்சு தானாக அந்தப் புது ஆளின் பக்கம் திரும்பும். நமக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்ததையெல்லாம் அவருக்கு விளக்குவார்.

பேட்டிக்கு முன்பே ஒரு காலவரிசைத் தாள் வேண்டும். ஆண்டு, அவர் வயது, இருந்த ஊர், நடந்தது, ஆதாரம் என்று ஐந்து பத்தி (நெடுவரிசை) போதும். பள்ளிச் சான்றிதழ், பணி நியமன ஆணை, பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், பழைய கடித உறைகளின் தபால் முத்திரை, புகைப்படத்தின் பின்பக்க எழுத்து என்று கிடைக்கிற காகிதத்தையெல்லாம் வைத்து நிரப்புங்கள். காகிதத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பிறந்த தேதி உண்மையான தேதியாக இல்லாமல் போவது உண்டு. அதனால்தான் ஆதாரத்துக்குத் தனிப் பத்தி. தாளில் காலியாக நிற்கும் வருடங்கள்தான் உங்கள் கேள்விகள்.

ஒப்புதலை வாய்வார்த்தையில் விடாதீர்கள். நெருங்கிய உறவு என்றால் எழுதியே வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: பதிவு யாரிடம் இருக்கும், எதை நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, நூல் வெளியில் போகுமா குடும்பத்துக்குள் மட்டுமா, அவர் காலத்துக்குப் பிறகு முடிவெடுப்பவர் யார். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்காமல் விட்டால் பின்னால் பிள்ளைகளுக்குள் சண்டை வருகிற இடமே அதுதான்.

ஒலிப்பதிவுக்கு நல்ல கைபேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, அவர் வாயிலிருந்து முப்பது நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில், மடித்த துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் விரல் தட்டுவதுகூட இடி மாதிரி விழும். மின்விசிறியும் ஃப்ரிட்ஜ் இரைச்சலும் நேரில் காதுக்கு உறைக்காது, பதிவில் உறைக்கும். அரை நிமிடம் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தேதி, இடம், இருப்பவர்கள் பெயர் மூன்றையும் முதலில் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்; கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் காட்டிக்கொடுக்கும். சுருக்காத வேவ் (WAV) ஒலிக் கோப்பாகப் பதிந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் மோனோவில் (ஒற்றைத் தடத்தில்), மணிக்குச் சுமார் 320 எம்பி எடுக்கும். அன்றைக்கே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வயதானவர் என்றால் முக்கால் மணியிலேயே குரல் தளரும். அமர்வுகளுக்கு நடுவே ஒரு வாரமாவது விடுங்கள், கிளறிவிட்ட நினைவு அந்த இடைவெளியில்தான் மேலே வரும். “போன தடவை சொன்னதற்கு அப்புறம் ஏதாவது ஞாபகம் வந்ததா?” என்பதே அடுத்த அமர்வின் முதல் கேள்வி. ரெக்கார்டரை நிறுத்திய பிறகு வாசல் வரை வந்து சொல்வதுதான் பல சமயம் சரக்கு. திரும்பப் பதிவைப் போட அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வெளியே வந்ததும் நோட்டில் எழுதி, ‘பதிவில் இல்லை’ என்று குறித்து, அதைப் பயன்படுத்தலாமா என்று அடுத்த முறை கேளுங்கள்.

இனி கேள்விகள். “அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?” என்ற கேள்விக்கு “கஷ்டமாத்தான் இருந்தது” என்பதற்கு மேல் பதில் வராது. “அந்தச் செய்தி வந்தபோது எந்த அறையில் இருந்தீர்கள்? யார் வந்து சொன்னது? அடுத்து என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் உணர்ச்சி தானாகக் கூடவே வரும். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சின்ன வயதில் இருந்த வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம், யார் எங்கே படுத்தார்கள், எந்த அறைக்குள் பிள்ளைகள் போகக் கூடாது என்று கோடு இழுத்துக்கொண்டே பேசுவார். நேரடியாகக் கேட்டால் வராத அதிகாரம், பயம், வறுமை எல்லாம் அந்தத் தாளில் வந்து உட்காரும். புகைப்படத்தைக் காட்டி, இருப்பவர் யார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எடுத்தது யார், வந்திருக்க வேண்டியவர்களில் படத்தில் இல்லாதவர் யார் என்றும் கேளுங்கள்.

ஒவ்வொருவரிடமும் பலமுறை சொல்லி மெருகேறிய நாலைந்து கதைகள் இருக்கும். வார்த்தை மாறாமல் வரும், சிரிப்பும் அதே இடத்தில் வரும். தெரிந்தவர் என்பதால் நமக்கும் அவை மனப்பாடம். தடுக்காதீர்கள், முழுக்கச் சொல்லட்டும். முடிந்ததும் அந்தக் கதைக்கு முந்தைய நாளையும் மறுநாளையும் கேளுங்கள். ஒத்திகை பார்க்காத பேச்சு அங்கே தொடங்கும். பதில் முடிந்ததுபோல் தோன்றினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மௌனத்தை நிரப்பும் அவசரம் நமக்குத்தான் அதிகம், அதிலும் சொந்தக்காரர்களுக்கு.

பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குமான நினைவுகள் பொதுவாக அடர்த்தியாக வரும். நினைவாற்றலை ஆய்பவர்கள் நெடுநாளாகச் சொல்வது இது. நடுவயதின் இருபது வருடம் “வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு” என்று மூன்றே சொல்லில் போய்விடும். அந்தப் பகுதிக்கு டைரி, வங்கிப் புத்தகம், இடமாற்ற உத்தரவு ஆகியவற்றை அவர் கையில் கொடுத்துப் பேச வையுங்கள்.

மற்றவர்களைத் தனித்தனியாக, அவர் இல்லாதபோது பாருங்கள். உடன்பிறந்தவர், உடன் வேலை பார்த்தவர், பேச்சுவார்த்தை இல்லாமல் விலகிப்போனவர் என்று வகைக்கு ஒருவராவது வேண்டும். வயதில் மூத்தவரை முதலில். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்தவர் தன் நினைவைச் சொல்லமாட்டார், மறுப்பைச் சொல்வார்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். தானியங்கி மென்பொருளில் போட்டாலும் ஆள்பெயர், ஊர்ப்பெயர், வட்டார வழக்கு, ஆண்டு ஆகியவற்றில் சறுக்கும். முழுக்கக் கேட்டுத் திருத்தியே ஆகவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் குறியுங்கள். அவர் பேசிய வழக்கை எழுத்துத்தமிழாக்கிவிடாதீர்கள். வேண்டுமானால் நூலில் செய்யலாம், மூலப்படியில் கூடாது.

முரண்பாடுகள் கட்டாயம் வரும். அவற்றைப் பிழை என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு பழைய உதாரணம். இத்தாலியின் எஃகு நகரமான தெர்னியில் 1949 மார்ச்சில், நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் போலீஸாரால் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார். பல வருடம் கழித்து வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அங்கே பேட்டி எடுத்தபோது, பலர் அந்தச் சாவை 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். தேதி தப்பு. ஆனால் தோழன் செத்தும் பதிலடி கொடுக்க முடியாத அவமானத்தை, தெருவில் இறங்கி மோதிய நாட்களோடு சேர்த்து அவர்கள் நினைவு ஆற்றிக்கொண்டது என்பது போர்த்தெல்லியின் விளக்கம். உங்கள் ஆளும் ஒரு சாவையோ வேலைநீக்கத்தையோ இடம் மாற்றிச் சொன்னால், சரியான தேதியைக் காலவரிசைத் தாளில் எழுதுங்கள். அவர் மாற்றிச் சொன்னதை நூலில் அவர் வாயாலேயே வையுங்கள். இரண்டும் வாசகருக்கு வேண்டும்.

எழுதும்போது தமிழில் உடனே முட்டுகிற கேள்வி மரியாதை விகுதி. எட்டு வயதில் “அவர் மரத்திலிருந்து விழுந்தார்” என்றால் காட்சி ஒட்டவில்லை. “விழுந்தான்” என்றால் குடும்பத்தில் யாராவது முகம் சுளிப்பார். பால்யத்தை ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதி, முதல் வேலை மாதிரி ஒரு திருப்பத்தில் ‘அவர்’ ஆக்குவது நன்றாகப் பொருந்தும். எந்த முறையைத் தேர்ந்தாலும் நூல் முழுக்க அதையே பின்பற்றுங்கள். அவரை உறவுமுறை சொல்லி எழுதுவதா பெயர் சொல்லி எழுதுவதா என்பதும் அப்படித்தான். என்னைக் கேட்டால் பெயரே மேல். உறவுமுறை வந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நாமும் நுழைந்துவிடுவோம்.

வரைவைப் பெரிய எழுத்தில், அகல ஓரம் விட்டு அச்செடுத்துக் கொடுங்கள். தகவல் பிழைக்கு ஒரு நிறப் பேனா, வேண்டாம் என்று நினைப்பதற்கு இன்னொரு நிறம். நடையைத் திருத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ‘சமுதாயத்திற்கு அரும்பணி ஆற்றினார்’ என்று ஓரமெல்லாம் எழுதி வரும். உயிரோடிருக்கும் வேறு ஆட்களைப் பற்றி மோசமாகச் சொன்ன இடங்களை நீங்களே தனியாக எடுத்து, ஆதாரம் இருக்கிறதா, பெயர் தேவையா என்று பாருங்கள். கடிதத்தின் காகிதம் பெற்றவருடையதானாலும், அதை வெளியிடும் உரிமை பொதுவாக எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. நூலில் சேர்ப்பதானால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.