பியே ஜி, பியே ஜி: ஒரு பெய்ஜிங் குளிர்கால நாட்குறிப்பு

நவம்பர் 9, 2024, சனி

டாக்டர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் தியான்தான் பூங்காவுக்குப் போனேன், வேறு எந்த நல்ல நோக்கமும் இல்லை. 1420இல் கட்டிய சொர்க்கக் கோயிலைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் கிழக்கு வாசலுக்குள் நுழைந்து சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது டப், டப், டப் என்று ஒரு சத்தம், கேரம் காயைப் பலகையில் தட்டுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் ஆறு பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒருவருக்கும் அறுபதுக்குக் குறையாது. நடுவில் ஒரு இறகுக் கொத்து ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் பறந்துகொண்டே இருக்கிறது, தரையைத் தொடவே இல்லை. ஊதா நிறக் கம்பளிக் குல்லா போட்ட ஒரு அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னங்காலால் தட்டி அனுப்பினார்.

அது ஒருமுறை தவறி என் காலடியில் விழுந்தது. குனிந்து கையால் எடுத்துக் கொடுக்கப் போனேன். எல்லோரும் ஒரே குரலில் ஏதோ கத்தினார்கள், கால், கால் என்று சைகை. சரி என்று உதைத்தேன். நேராக மரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டது. ஒரு தாத்தா எந்த அவசரமும் இல்லாமல் பெஞ்சுக்கு அடியிலிருந்து நீளமான மூங்கில் கழியை எடுத்தார். இதற்கென்றே ஒரு கழி வைத்திருக்கிறார்கள் என்றால் என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள்!

நவம்பர் 10, ஞாயிறு

அதன் பெயர் ஜியென்ஸி. பையனிடம் சொன்னால், "இதுகூடத் தெரியாதாம்மா?" என்கிறான். அவன் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலேயே உண்டாம். வரவேற்பறையில் முப்பத்தொரு தடவை உதைத்துக் காட்டினான். நான் ஒன்று. இரண்டாவது உதையில் டிவி மேல் விழுந்தது, அதோடு என் கணவர் விளையாட்டை நிறுத்திவிட்டார்.

கடைத்தெருவில் ஐந்து யுவானுக்கு ஒன்று வாங்கினேன். சாயம் ஏற்றிய பச்சை, மஞ்சள் இறகுகள், அடியில் காசு மாதிரி வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள் அடுக்கியிருக்கின்றன. அந்த வில்லைகள்தான் ஒன்றோடொன்று மோதி டப் என்று சத்தம் போடுகின்றன. எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ எடையை மாற்றிக்கொள்ளலாம். ஜியென் என்று எழுதும் எழுத்தில் ஒரு பகுதி முடி அல்லது இறகைக் குறிக்கும், இன்னொரு பகுதி உச்சரிப்பைச் சொல்லும். பையன் வீட்டுப்பாடத்தோடு சேர்த்து எனக்கும் பாடம் எடுத்துவிட்டுத்தான் தூங்கப் போனான்.

நவம்பர் 17, ஞாயிறு

ஊதாக் குல்லா அம்மா என்னைக் கூப்பிட்டே விட்டார். அவரை எல்லோரும் "ஆயி" என்கிறார்கள். சீனத்தில் அது அத்தை, சித்தி மாதிரி எந்த மூத்த பெண்ணையும் கூப்பிடும் சொல். பாட்டியை ஆயி என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான், எனக்குச் சிரமமே இல்லை.

அடிப்படை உதை நான்கு. உள்பாதத்தால் உதைப்பது பான், முழங்காலால் தட்டுவது கெ, காலை வெளிப்புறமாகத் தூக்கி வெளிப்பாதத்தால் உதைப்பது குவாய், விரல் நுனியால் எத்துவது பெங். கேட்க எளிதுதான். காலைத் தூக்கும்போது இடுப்பும் கூடவே திரும்பிவிடுகிறது, இறகு கிழக்கே போகிறது, நான் மேற்கே பார்த்து நிற்கிறேன்.

ஆயி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, "பியே ஜி, பியே ஜி" என்றார். அவசரப்படாதே என்று அர்த்தம். என் கையிலிருந்த ஜியென்ஸியை வாங்கித் தலைக்கு மேலே எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது மேலே போனது, ஒரு கணம் நின்றது, திரும்பியது, கனமான அடிப்பக்கம் கீழே, இறகு மேலே என்று நேராக இறங்கியது. மார்பு, இடுப்பு, முழங்கால் என்று கடந்து வரும்வரை அவர் அசையவே இல்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்தபோதுதான் பாதம் வந்து சேர்ந்தது. அதை உதை என்று சொல்லவே கூடாது. தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த இறகெல்லாம் அழகுக்கு இல்லை, பிரேக்! காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுகிறது, பந்து மாதிரி சடாரென்று விழ விடாது. நமக்கு நேரம் கொடுக்கிறது. நான்தான் அந்த நேரத்தை வாங்கிக்கொள்ளாமல் இடுப்பளவில் இருக்கும்போதே காலை வீசிக்கொண்டிருந்தேன்.

இன்றைய கணக்கு: மூன்று.

நவம்பர் 30, சனி

ஏழு! அப்புறம் ஒரு அவமானம். எட்டாவது உதையில் ஷூ கழன்று பறந்து போய், சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஷூவைச் சீட்டோடு சேர்த்து எண்ணுகிற மாதிரி நடித்தார், பூங்காவே சிரித்தது.

குற்றம் ஷூ மேலும் உண்டு. ஓட்டத்துக்கான ஷூவில் உள்பக்கம் வளைந்து குழிந்து இருக்கும், அதில் பட்ட இறகு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே பழகியவர்கள் மெல்லிய அடி வைத்த துணிச் செருப்பு போடுகிறார்கள், சிலர் இதற்கென்றே உள்பக்கம் தட்டையாகத் தைத்த ஷூ வைத்திருக்கிறார்கள். நாளைக்கே துணி ஷூ ஒரு ஜோடி வாங்கப் போகிறேன். குளிருமே? குளிரட்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

மூங்கில் கழித் தாத்தா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். நான் இந்தியா என்று தெரிந்ததும், "அப்படியானால் உனக்கு இது வந்தே ஆகவேண்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கதை சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன்.

ஷாவோலின் கோயில் முதலில் எழுந்தது பாதுவோ என்ற இந்தியத் துறவிக்காக. 495ஆம் ஆண்டு வாக்கில் வட வெய் அரசர் கட்டிக் கொடுத்தது. (காஞ்சிபுரத்தோடு சேர்த்து நாம் பேசும் போதிதர்மர் இல்லை, அவர் கதையெல்லாம் இதற்குப் பிறகு. நானும் முதலில் அவர் பெயரைச் சொல்லித்தான் குதித்தேன், தாத்தா பொறுமையாகத் திருத்தினார்.) இந்தப் பாதுவோ ஒருநாள் லோயாங் நகரத் தெருவில் போகும்போது ஒரு கூட்டம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல் நின்றுகொண்டு தொடர்ந்து ஐந்நூறு தடவை உதைக்கிறான். தவறினால் கிணற்றுக்குள்! பாதுவோ அவனைத் தன் சீடனாக அழைத்துக்கொண்டார். ஹுய்குவாங் என்ற அந்தப் பையன் பிற்காலத்தில் பெரிய பௌத்த ஆசானானார். தாங் காலத்துத் துறவி தாவ்சுவான் 7ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த செய்தி இது. அவன் உதைத்த பொருளைக் குறிக்கும் பழைய சொல்லை ஜியென்ஸி என்றுதான் இங்கே எல்லோரும் கொள்கிறார்கள்.

நான் தரையில் நின்றுகொண்டே ஏழு.

தாத்தா சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 11ஆம் நூற்றாண்டில் சோங் காலத்து அறிஞர் காவ் செங், சிறுவர்கள் ஈயத்திலும் வெள்ளீயத்திலும் காசு செய்து அதில் கோழி இறகைச் செருகி, கூட்டம் கூட்டமாக ஓடி ஓடி உதைப்பதை எழுதியிருக்கிறார். உதைகளின் பெயர்களும் உண்டு: ஈட்டியை இழுத்தல், முழங்காலை உயர்த்தல், வயிற்றைத் தள்ளல், கத்தரிக்கோல், புத்தரின் உச்சி முத்து. கடைசியாகச் சொன்னதில் இறகு தலை மேல் வந்து உட்கார வேண்டும். ஆயிக்கு அது வரும். செய்து காட்டினார். குல்லாவைக் கழற்றிவிட்டுத்தான் செய்தார், குல்லாவோடு செய்தால் ஏமாற்று வேலையாம்.

டிசம்பர் 21, சனி

இன்று தோங்ஜி, வருடத்தின் மிக நீண்ட இரவு. வெளியே மைனஸ் ஆறு. வட சீனத்தில் இன்றைக்கு ஜியாவ்ஸி (பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி) சாப்பிடவில்லை என்றால் காது உறைந்து விழுந்துவிடும் என்பார்கள். பையன் பயந்து பதினெட்டு சாப்பிட்டான்.

இவ்வளவு குளிரில் ஏன் விளையாடுகிறீர்கள் என்று ஆயியிடம் கேட்டதற்கு ஒரு சிறுவர் பாட்டைப் பாடினார். வில்லோவுக்கு உயிர் வந்தால் பம்பரத்தைச் சாட்டையால் அடி, வில்லோ பச்சையானால் விர்ரென்று ஒலிக்கும் கோங்ஜோங் என்ற சுழல்பொம்மையை விடு, வில்லோ செத்தால் ஜியென்ஸி உதை. மிங் காலத்திலேயே, 1635இல், இதை யாரோ எழுதி வைத்துவிட்டார்கள் என்பது ஆச்சரியம். ஆக இது குளிர்காலத்து ஆட்டமேதான். பத்து நிமிடத்தில் கோட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு.

ஜனவரி 7, 2025, செவ்வாய்

லாபா பண்டிகை. எட்டு வகைத் தானியமும் பருப்பும் போட்ட கஞ்சி. ஆயி வீட்டுக்கு வரச்சொன்னார். கஞ்சிக்குத்தான் அழைத்திருக்கிறார் என்று போனால் மேசையில் கத்தரிக்கோல், ஊசி நூல், ஒரு பை நிறையச் சேவல் இறகு.

பழைய முறையில் ஜியென்ஸி செய்வதைக் காட்டினார். நடுவில் சதுர ஓட்டை உள்ள செப்புக் காசு இரண்டு வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்றுதான், அது அவர் அம்மா வைத்திருந்தது, அதனால் குழாய் ரிப்பேருக்கு வாங்கிய இரும்பு வாஷர் ஒன்றைக் கூடச் சேர்த்தார். இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்துக் கருப்புத் துணியில் இறுக்கிச் சுற்றித் தைத்தார். வாத்து இறகின் தண்டிலிருந்து சுண்டு விரல் நீளத்துக்கு வெற்றுக் குழலை வெட்டி, அதன் அடியைக் கூட்டல் குறி மாதிரி நான்காகக் கீறி, பூ விரிகிற மாதிரி நான்கு இதழ்களையும் மடக்கி, துணி மேல் நடுவில் வைத்துத் தைத்தார். ஊசி அந்தத் தண்டில் ஏறவே மாட்டேன் என்றது, விரல்கவசத்தால் அழுத்தி, கடைசியில் பல்லால் பிடித்து இழுத்தார். எழுபத்தொரு வயது. நான் செய்கிறேன் என்றால் தரவில்லை.

அப்புறம் இறகு. சேவலின் வால் இறகு, கழுத்து இறகு, கருமையில் பச்சை மின்னுவது. ஒவ்வொன்றாகக் குழலில் செருகி, எல்லாம் வெளிப்பக்கம் வளைகிற மாதிரி திருப்பி வைத்தார். ஒன்று மட்டும் உள்பக்கம் வளைந்திருந்தது, அதை உருவி எறிந்தார். அது இருந்தால் சுற்றிக்கொண்டே விழுமாம்.

செய்து முடித்ததை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கடையில் வாங்கியதைவிடச் சின்னது, கனம். காலில் பட்டால் டப் என்ற சத்தம் இல்லை, தொம் என்கிறது. அம்மாவின் காசு உள்ளே இருக்கிறதே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னேன். "காசை டப்பாவில் வைத்தால் என்ன பண்ணும்?" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

பதினேழு. முட்டி வலி. டாக்டரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வசந்த விழா விடுமுறை, பூங்காவில் நிற்க இடமில்லை. வீடியோ காலில் சிங்கப்பூர் அக்காவுக்கு ஆயி செய்த ஜியென்ஸியைக் காட்டினேன். "அட, இது சாப்தே!" என்றாள். அங்கே ரப்பர் அடியில் இறகு செருகி விளையாடுவார்கள், தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்துதான். அவள் சின்ன வயதில் ஐம்பதுக்கு மேல் உதைத்திருக்கிறாளாம், நம்பலாமா என்று அத்தான் பின்னாலிருந்து கேட்கிறார். வியட்நாமில் இதே ஆட்டம் டா காவ், 2003இல் அவர்கள் நாட்டில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளில் பதக்கப் போட்டியாகவே இருந்தது.

பதக்கம் என்றதும் பையன் ஆர்வமாகிவிட்டான். வலை கட்டி ஆடும் வடிவம் ஒன்று உண்டு. சீனாவில் 1984இல் அதிகாரபூர்வப் போட்டி விளையாட்டானது, உலகச் சம்மேளனம் 1999இல் வந்தது, முதல் உலகப் போட்டி அடுத்த ஆண்டு நடந்ததோ ஹங்கேரியில்! ஆடுகளம் பேட்மின்டன் அகலமேதான், நீளம் மட்டும் கொஞ்சம் குறைவு, 11.88 மீட்டருக்கு 6.10. வலை ஆண்களுக்கு 1.60 மீட்டர், பெண்களுக்கு 1.50. கை படக்கூடாது. அப்படி ஒரு ஆட்டத்தின் வீடியோ பார்த்தோம், ஒருவர் அந்தரத்தில் திரும்பிக் காலைத் தலைக்கு மேல் தூக்கி வலைக்கு அந்தப் பக்கம் அறைகிறார். அசாத்தியம்தான். ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. அதில் எதிரி எடுக்க முடியாதபடி அனுப்ப வேண்டும். எங்கள் வட்டத்தில் அடுத்தவர் எடுக்கிற மாதிரி அனுப்பாவிட்டால் ஆயி முறைப்பார். மோசமாக வந்ததை வாங்கி நல்லதாக மாற்றிக் கொடுப்பவருக்குத்தான் அங்கே "ஹாவ்!" (சபாஷ்) கிடைக்கும், கடைசியில் தவறவிட்டவரைப் பார்ப்பதைவிட அவருக்கு அப்படி அனுப்பியவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் நானாக இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

மார்ச் 22, சனி

ஏழு வாரமாக எழுதவில்லை, ஆனால் விளையாடினேன். தனியாக என் அதிகபட்சம் இருபத்தாறு, பையனை இன்னும் எட்டவில்லை. இன்று முதல்முறையாக வட்டத்தில் ஒரு குவாய் சரியாக வந்தது. பக்கவாட்டில் தாழப் போய்க்கொண்டிருந்ததை வெளிப்பாதத்தால் ஏந்தி ஆயிக்கே அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்தவருக்குத் தட்டிவிட்டார். அதைவிட வேறென்ன வேண்டும்.

வரும் வழியில் கால்வாய்க் கரையில் வில்லோக்கள் மஞ்சளும் பச்சையுமாகத் துளிர்த்திருந்தன. பாட்டுப்படி பார்த்தால் சீசன் முடிந்தது. ஆயியிடம் சொன்னேன். "இது சைப்ரஸ் தோப்பு, இங்கே வில்லோ எங்கே இருக்கிறது?" என்றார்.

தாத்தா மட்டும் இன்று வட்டத்தில் இல்லை. கொஞ்ச தூரத்தில் பளீர், பளீர் என்று சத்தம் கேட்டுத் திரும்பினால், சாட்டையும் கையுமாக ஒரு பெரிய பம்பரத்தை அடித்துக்கொண்டிருக்கிறார். மூங்கில் கழியைப் பெஞ்சுக்கு அடியிலேயே விட்டிருந்தார். நல்லதாகப் போயிற்று, பத்தே நிமிடத்தில் எனக்கு அது தேவைப்பட்டது.