சட்டி கைமாறும் வேலை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நாலாவது பெல்லட்டும் அச்சிலிருந்து எடுக்கும்போதே விண்டு போனது. புரோட்டானை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை, கடத்தும் படிகம் தேடுவதுதான் என் ஆராய்ச்சி. படிகப் பொடியை அழுத்தி வில்லையாக்கி, ரெண்டு பக்கமும் சில்வர் பேஸ்ட் தடவி, ஈரப்பதப் பெட்டிக்குள் வைத்து மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று, அளக்கணும். அதற்கே வழியில்லை.

"அப்படி என்னதான்டா பண்றே?" காலையில் அம்மா போனில்.

நம்ம வீட்டுக்குத் தளம் போட்ட நாளைச் சொன்னேன். வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றுவார்களே, ஆள் நகராது, சட்டி மட்டும் போகும். ஹைட்ரஜன் பிணைப்பு என்ற லேசான பிடிப்பில் கோத்த மூலக்கூறுகள் வழியாகப் புரோட்டான் போவதும் அப்படித்தான். தண்ணீரை வைத்து 1806லேயே குரோட்டஸ் என்ற வேதியியலாளர் சொன்ன யோசனை இது. புரோட்டான் என்ற பெயரே அப்போது கிடையாது!

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் புரோட்டானைக் கடத்துவது நஃபியான் என்ற பிளாஸ்டிக் சவ்வு. அதற்குத் தண்ணீர் வேண்டும். 100 டிகிரி தாண்டினால் காய்ந்து படுத்துவிடும். அதனால்தான் தண்ணீர் இல்லாமலே புரோட்டானைக் கைமாற்றும் இமிடசோல் மாதிரி ஆசாமிகளைத் தேடுகிறோம். ஐந்து அணு வளையம், ரெண்டு நைட்ரஜன்: ஒன்று கொடுக்கும், ஒன்று வாங்கும். கொதிநிலை 256 டிகிரி. சிக்கல் என்னவென்றால், கொடுத்து முடித்த வளையம் திரும்பி நின்றால்தான் அடுத்த சட்டியை வாங்க முடியும். படிகத்தில் இறுக்கிக் கட்டினால் திரும்பாது. தளர்த்தினால் சங்கிலி அறும். என் மூணு வருஷம் இந்த இழுபறியில்தான் போகிறது.

உடைந்த பெல்லட்டும் வீணில்லை. வெறும் ஹைட்ரஜன் பிணைப்புதானே, கரைப்பானில் கரைத்து மறுபடி படிகமாக்கிக்கொள்ளலாம். பீக்கரை மூடி வைத்திருக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா: "சட்டி தூக்கினவங்களுக்கு அன்னிக்கே கூலி கொடுத்தோம். உனக்கு ஸ்டைபண்ட் வந்துச்சா?"