அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் புரை ஆபரேஷன்

இருவரையும் ஒரே நாளில்தான் காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டியும் சர்க்கரை கிடையாது. அவரைவிட இளையவரான அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக இருக்கிறது. புரையும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

முதல் கட்டம் இருவருக்கும் ஒன்றுதான். கண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கீழிமை ஓரத்தில் உள்ள சிறு துளை வழியாக உப்புநீரைச் செலுத்துகிறார்கள். “தொண்டையில் உப்புக் கரிக்கிறதா?” என்று நர்ஸ் கேட்டார். “குழம்புக்குக்கூட இவ்வளவு உப்பு போட மாட்டேன்” என்றார் பெரியம்மா. அடைப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு லென்ஸ் அளவு, ரத்த அழுத்தம், இ.சி.ஜி. பெரியம்மாவுக்கு உடனே தேதி கிடைத்தது.

அம்மாவுக்கு மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. ஓ.சி.டி. ஸ்கேனில் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வீங்கியிருந்தது. “லென்ஸை மாற்றலாம், விழித்திரையை மாற்ற முடியாது” என்றார் டாக்டர். வீக்கத்தோடு ஆபரேஷன் செய்தால் அது மேலும் கூடக்கூடும் என்பதால், முதலில் கண்ணுக்குள் ஊசி போட்டு வீக்கத்தை வடியவைக்க வேண்டும் என்றார். கேட்கவே வயிற்றைக் கலக்கியது. மரத்துப்போகும் சொட்டு விட்டுப் போட்டதால் ஓர் அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது என்றார் அம்மா. களியைக் குறைத்து, மாத்திரையை மாற்றி, சர்க்கரையையும் மெல்ல இறக்கினோம். பட்டினி கிடந்து தடாலடியாகக் குறைக்க அம்மா தயாராகத்தான் இருந்தார். மூன்று மாத சராசரி திடீரென்று சரிந்தாலும் விழித்திரைக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். இதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆபரேஷன் அன்று கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி என்பதால், இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கண்மணி எளிதில் விரியவில்லை. நாள்பட்ட சர்க்கரையில் அப்படித்தானாம். நர்ஸ் டார்ச்சோடு வந்து பார்ப்பதும், உதட்டைப் பிதுக்கி மறுபடி சொட்டு விட்டுப் போவதுமாக இருந்தார். உள்ளே போன பிறகு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கட்டுப் பிரித்ததுமே பெரியம்மா, எதிரே வந்த பஸ்ஸில் ‘போச்சம்பள்ளி’ என்று சத்தமாகப் படித்தார். எழுத்து அட்டையின் கடைசி வரி வரை போனார். அம்மாவுக்கு வெளிச்சமும் நிறமும் பளிச்சென்று திரும்பின, ஆனால் கடைசி இரண்டு வரி கலங்கலாகவே நின்றது. ஆபரேஷனில் குறை இல்லை, மாக்குலாவின் பழைய சேதம் அது என்றார்கள். வீக்கம் மறுபடி வராமல் தடுக்க, பெரியம்மாவுக்கு எழுதாத ஒரு சொட்டு மருந்தை அம்மாவுக்குக் கூடுதலாக எழுதினார்கள். தையல் இல்லாத சின்னக் காயம்கூட இவருக்கு மெதுவாகத்தான் ஆறும், சிவப்போ வலியோ வந்தால் அன்றே வர வேண்டும் என்றும் எச்சரித்தார்கள்.

“எனக்கு முடிந்துவிட்டது, இவளை மட்டும் ஏன் இன்னும் அலைக்கழிக்கிறார்கள்?” என்று பெரியம்மாவுக்குக் கோபம். அம்மாவின் இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறது. மறுபடி ஓ.சி.டி., மறுபடி சர்க்கரைக் கணக்கு. மாம்பழ சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவே டாக்டரிடம் சொல்லிவிட்டார்.