பஞ்சு விரிப்பின் மடிப்பை நீக்கிய விதம்

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குவில்ட்டின் மேல்துணி தைத்து முடிந்தது: 38க்கு 52 அங்குலம், குழந்தைக்குப் போர்த்தும் அளவு. நடுவில் வைப்பதற்கு 45க்கு 60 அங்குல பேட்டிங், அதாவது பஞ்சு விரிப்பு, வாங்கினேன். 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து அமுக்கி வந்த பஞ்சு விரிப்பு என்பதால், உறையைப் பிரித்து விரித்ததும் மடித்த இடமெல்லாம் மேடு தட்டி நின்றது. நடுவே நீளவாக்கில் ஓடிய தடம்தான் ஆழமானது. விரலை ஓட்டினால் மடிப்பின் முகட்டில் பஞ்சு திரண்டும், அதை ஒட்டி மெலிந்தும் இருப்பது தெரிந்தது.

உள்ளே மறைகிற பொருள்தானே என்று இதை அப்படியே வைத்துத் தைக்கக் கூடாது. தையல் அந்த மேட்டைக் கடக்கும்போது திரண்ட பஞ்சு ஊசிக்கு முன்னால் தள்ளப்படும். அடித்துணியில் கொசுவம் விழும். அடிப்பக்கம் கண்ணில் படாததால், ஒரு வரி முழுவதும் தைத்துத் திருப்பிய பிறகுதான் அது தெரியவரும். மூன்று அடுக்கில் போட்ட தையலைப் பிரிப்பதைப் போல அலுப்பூட்டும் வேலை வேறில்லை.

துணி உலர்த்தும் டிரையர் உள்ள வீடுகளில் ஈரத்துண்டு ஒன்றைச் சேர்த்துப் போட்டு, குறைந்த சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் சுழலவிடுகிறார்கள். எங்கள் சென்னை வீட்டில் மொட்டைமாடிக் கொடிதான். ஆனால் டிரையர் கொடுப்பது ஈரம், மிதமான சூடு, உதறல் ஆகிய மூன்றும்தான். அவற்றைக் கையாலும் கொடுக்கலாம். பருத்தி இழை ஈரம் பட்டால் இளகும். காயும்போது எப்படிக் கிடக்கிறதோ அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் தண்ணீருக்கு மசியாது. 70, 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் நெகிழத் தொடங்கும். 250 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். ஆகவே இந்தக் கலப்புக்கு ஏற்றது நீராவி.

முதலில் இரவு முழுவதும் கட்டிலில் விரித்து வைத்தேன். சின்ன மடிப்புகள் தாமாகவே அடங்கின. நடுத்தடம் அசையவில்லை.

மேல்துணியைவிட விரிப்பு நான்கு பக்கமும் மூன்று அங்குலத்துக்கு மேல் பெரியது. எப்படியும் வெட்டப்போகும் அந்த ஓரத்தில்தான் சோதனை. தெளிப்பானால் பனி படிவது போல் லேசாகத் தண்ணீர் அடித்தேன். இஸ்திரிப் பெட்டியை ஓர் அங்குல உயரத்தில் பிடித்து, விரிப்பில் படாமல் ஆவியை மட்டும் விட்டேன். படுத்திருந்த இழைகள் சிலிர்த்து எழுந்தன. சூடு ஆறுவதற்குள் முகட்டிலிருந்து இரு பக்கமும் உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தேன். பஞ்சு பரவி மட்டமானது. அதே ஓரத்தில் பக்கத்திலேயே வேறோர் இடத்தில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியும் தேய்த்துப் பார்த்தேன். தடம் போனது, கூடவே பஞ்சின் உப்பலும் போனது. குவில்ட்டுக்கு உப்பல்தான் உயிர். அதனால் அந்த வழி வேண்டாமென்று முடிவு செய்தேன்.

பிறகு நடுத்தடம் முழுவதையும் ஒரு முழம் ஒரு முழமாக இப்படியே ஆவி காட்டித் தட்டினேன். இழுக்கவே இல்லை, ஈரத்தில் இழுத்தால் விரிப்பு அந்த இடத்தில் நைந்துவிடும். கொடியில் தொங்கவிடாததும் அதற்காகத்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரைகுறையாகக் காய்ந்த பஞ்சை இரண்டு துணிகளுக்கு நடுவே பூட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, தொட்டால் சற்றும் ஜில்லென்று இல்லை என்றாகும் வரை விட்டுவைத்தேன். தடம் இருந்த இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. விரலுக்கு மேடு எதுவும் தட்டுப்படவில்லை.

அடித்துணியைத் தரையில் டேப் ஒட்டி விறைப்பாக நிறுத்தி, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தினேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்து வருகிறேன். பழைய தடத்தைக் குறுக்கே கடந்த வரிகளைத் திருப்பிப் பார்த்தாயிற்று. கொசுவம் ஒன்றுகூட இல்லை. ஓரப்பட்டிக்குச் சிவப்புச் சுங்குடித் துணி எடுத்து வைத்திருக்கிறேன். சாயம் இறங்குகிறதா என்று முதலில் நனைத்துப் பார்க்க வேண்டும்.