காற்றாடி நின்ற ஒன்பது நொடி

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். தலையில் பசை வைத்து மின்முனைகளை ஒட்டிவிட்டு, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'நான்' என்பது என்ன என்ற கேள்வியை எனக்குள் போட்டது இந்த அறைதான்.

ஒரு நாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். "கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டேங்கிறா சிஸ்டர். வேணும்னே பண்றா. ஸ்கூல்லயும் இதுக்குத்தான் அடி வாங்குறா" என்றார் அவள் அப்பா. காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னேன். சில நொடிகள் நினைவு மட்டும் அறுந்துபோகும் 'ஆப்சென்ஸ்' வகை வலிப்பு இருந்தால், வேகவேகமாக மூச்சு விடும்போது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது. கண் திறந்தே இருந்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. திரையில் எல்லாக் கோடுகளும் சேர்ந்து எழும்பின, நொடிக்கு மூன்று கூர் அலைகள். "மாம்பழம்" என்று சத்தமாகச் சொன்னேன். ஒன்பது நொடியில் அலை சட்டென்று அடங்கியது. அவள் மறுபடி ஊதினாள்.

"நடுவுல அக்கா என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலையே. நான் ஊதிட்டுத்தானே இருந்தேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை ஊதியது நிற்கவே இல்லை. நானும் காலையிலிருந்து ஒரே ஓட்டமாக 'நானாக' இருப்பதாக நம்புகிறேன். அதற்கும் என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டும் இதே மாதிரி தலையில் மின்முனை ஒட்டித்தான் 1983இல் வெளிவந்த அந்தச் சோதனையைச் செய்தார். சோதனைக்கு வந்தவர்களிடம், தோன்றும்போது மணிக்கட்டை மடக்கச் சொன்னார். மடக்குவதற்கு அரை நொடி முன்பே மூளையில் மின்னழுத்தம் மாறத் தொடங்கியது. 'மடக்கலாம்' என்று தோன்றியதோ சுமார் 0.2 நொடிக்கு முன்புதான். அப்படியானால் சுயவிருப்பமே கிடையாது என்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. நாற்பது பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த கோடு அது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கி அடுக்கினால், தற்செயலான ஏற்ற இறக்கங்கள்கூட மெல்ல வளர்வதுபோலத் தெரியலாம் என்று ஆரன் ஷுர்கர் என்ற மூளை ஆய்வாளரின் குழு 2012இல் காட்டியது. கோடுகளோடு பழகிய எனக்கு அது நியாயமாகவே இருக்கிறது.

அடம்பிடிக்கும் பிள்ளைகளும் இந்த அறைக்கு வருவார்கள். ஊத மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். அதுவும் மூளையின் வேலைதான், சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு 'மாம்பழம்' கேட்கும். கொஞ்சினால், மிட்டாய் தருகிறேன் என்றால், மனசு மாறும். இவளுக்கு அந்த ஒன்பது நொடியில் யார் என்ன சொன்னாலும் போய்ச் சேராது. விருப்பம் என்று நான் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான்.

முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நான் வாய் திறக்கக் கூடாது. "அப்போ வேணும்னு பண்ணலையா சிஸ்டர்?" என்று அப்பா கேட்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் சொன்னது அவளுக்குக் கேக்கல சார்."

அவர் துண்டை நனைத்துக்கொண்டு வந்து, மகளின் முடியில் ஒட்டியிருந்த பசையைத் துடைக்கத் தொடங்கினார். பசை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.